கண்மாய் எந்தப் பாடவேளையில் வரும்?

தமிழ்நாட்டுத் தொடக்கப் பள்ளிகளுக்குப் பாடத்திட்டமும் பாடநூலும் வகுக்கும் குழுவினருக்கு,

வணக்கம். புதுக்கோட்டை மாவட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் இடைநிலை ஆசிரியராக இருக்கிறேன். ஈராசிரியர் பள்ளி. ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை தலைமையாசிரியர் பார்த்துக்கொள்கிறார். நான்கும் ஐந்தும் என் அறையில். 2025 ஆகஸ்டில் மாநிலக் கல்விக் கொள்கை வெளியானதிலிருந்து, தொடக்க வகுப்புப் புத்தகங்கள் மாறும் என்று ஆசிரியர்களுக்குள் பேச்சாக இருக்கிறது. நீங்கள் எழுத உட்காரும் முன், எங்கள் மாதிரி அறைகளில் பிள்ளைகள் எதை எப்படிக் கற்கிறார்கள் என்று அந்த அறைக்குள் இருக்கும் ஒருவர் உங்களிடம் சொல்ல வேண்டும். அதற்குத்தான் இந்த மடல்.

கேட்பதை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்புகளில் அறிவியலையும் சமூக அறிவியலையும் தனித்தனிப் பாடமாக வைக்க வேண்டாம். ஒன்று, இரண்டாம் வகுப்புகளில் இருக்கும் சூழ்நிலையியலை ஐந்தாம் வகுப்பு வரை நீட்டுங்கள். ஒவ்வொரு பருவத்திலும் அதில் ஒரு பாடத்தை அச்சடிக்காமல் விடுங்கள். அந்த ஒரு பாடத்தை அந்தந்த ஊர்ப் பள்ளி எழுதிக்கொள்ளட்டும்.

ஏன் என்று சொல்கிறேன். பாடநூல் கணக்குப்படி ஒன்று, இரண்டாம் வகுப்புக்குத் தமிழ், ஆங்கிலம், கணக்கு, சூழ்நிலையியல் என்று நான்கு நான்கு பாடம். மூன்றிலிருந்து சூழ்நிலையியல் இரண்டாகப் பிரிந்து ஐந்தைந்து ஆகிறது. ஐந்து வகுப்புக்கும் சேர்த்து 23. தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் என்பது 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்கு. ஆக, 23 பாடத்தை இரண்டு பேர் பங்கு போட்டுக்கொள்கிறோம். மணி அடித்தால் நான் அடுத்த வகுப்புக்குப் போவதில்லை. அதே அறையில் இன்னொரு புத்தகத்தைக் கையில் எடுக்கிறேன். நான்காம் வகுப்புக்குப் பின்னம் நடத்திக்கொண்டிருப்பேன், ஐந்தாம் வகுப்பு உறுப்பு மண்டலத்தில் கேள்வி பதில் எழுதிக்கொண்டிருக்கும். பாதிப் பேர் எழுதுவதை விட்டுவிட்டுப் பின்னத்தைக் கேட்பார்கள். முன்வரிசையில் நான்காம் வகுப்புப் பெண் ஒருத்தி, நுரையீரல் படத்தை எட்டிப் பார்த்து "டீச்சர், இது ரெண்டு இருக்கு, அப்ப ஒண்ணு பாதியா?" என்று கேட்பாள். நல்ல கேள்வி. அது பின்னமா, உயிரியலா என்று அவளுக்குக் கவலையில்லை.

இந்த வயதில் பிள்ளைக்குப் பாடங்கள் தனித்தனியாக இல்லை. ஒரு பாடத்தில் கால் தடுக்கினால் அடுத்த பாடத்திலும் விழுகிறார்கள். இதை நான் அதிகம் பார்த்தது வரலாற்றில்.

முந்நூற்று இரண்டு என்று சொல்லி எழுதச் சொன்னால் 3002 என்று எழுதும் பிள்ளைகள் எல்லா வருடமும் இருப்பார்கள். காதில் விழுந்ததை அப்படியே எழுதுகிறார்கள்: முந்நூறு, அப்புறம் இரண்டு. இடமதிப்பு இன்னும் பிடிபடவில்லை. ஆணிமணிச்சட்டத்தில் மணி போட்டு, குச்சிக் கட்டு கட்டி, கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்கிறோம். இது கணக்குப் பாடவேளையில். அடுத்த பாடவேளையில் அதே பிள்ளை சமூக அறிவியல் புத்தகத்தைத் திறக்கிறது. மூவேந்தர்கள் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஆண்டார்கள் என்று இருக்கிறது. நூறுக்கும் ஆயிரத்துக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று மனத்தில் வராத பிள்ளைக்கு இரண்டாயிரம் ஆண்டு என்பது என்ன? அப்பாயி சின்னப் பிள்ளையாக இருந்த காலம், அவ்வளவுதான். "எங்க தாத்தா ராசராச சோழனைப் பாத்திருப்பாரா டீச்சர்?" என்று ஒரு பையன் கேட்டான். விளையாட்டுக்குக் கேட்கவில்லை.

அன்றைக்குச் சணல் கயிறு எடுத்தோம். ஒரு வருடத்துக்கு ஒரு சென்டிமீட்டர். கரும்பலகை ஓரத்தில் ஓர் ஆணியில் கட்டி, அதுதான் இந்த வருடம் என்றோம். பத்து சென்டிமீட்டரில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை பிறந்தது. முப்பது, முப்பத்தைந்தில் அம்மா. அறுபத்தைந்தில் தாத்தா. ஒரு மீட்டரைத் தாண்டுவதற்குள் தெரிந்த மனிதர்கள் எல்லாரும் முடிந்துபோனார்கள். சுதந்திரம் வாங்கியது எண்பதுக்குக் கொஞ்சம் முன்னால், தாத்தாவுக்குப் பக்கத்திலேயே இருந்தது, அதுவே அவர்களுக்கு ஆச்சரியம். பிறகு கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். ராசராசன் பட்டத்துக்கு வந்தது 985. அறை எட்டு மீட்டர்தான். கயிறு வாசலைத் தாண்டி வராந்தாவுக்குப் போய், பத்து மீட்டரையும் தாண்டிய இடத்தில், சத்துணவுக் கூடத்துக்குத் திரும்பும் முனையில் அவர் வந்தார். மூவேந்தர்களுக்குக் கயிறு போதவில்லை. சுற்றுச்சுவர் வரை போக வேண்டும் என்று பிள்ளைகளே அளந்து சொன்னார்கள். அன்றைக்கு நடந்தது கணக்கா, வரலாறா? பாடக்குறிப்பில் ஏதாவது ஒன்றை எழுதியாக வேண்டும். நீட்டல் அளவை என்று எழுதினேன்.

தமிழ் வாசிப்பும் அப்படித்தான். ஐந்தாம் வகுப்புக்கு வந்தும் எழுத்துக் கூட்டிப் படிக்கிற சிலர் இருக்கிறார்கள். ஒற்றைக்கொம்பையும் துணைக்காலையும் தனித்தனியாகப் பார்த்து 'கொ'வைக் 'கெ' என்று ஆரம்பித்துத் தடுமாறுவார்கள். ரகரமும் றகரமும் போகப் போகச் சரியாகும், அதில் எனக்குப் பயமில்லை. பயம் வேறொன்று. தமிழ்ப் பாடத்தைப் பாட்டும் கதையுமாகத் தட்டுத் தடுமாறிப் படித்துவிடும் பிள்ளை, அறிவியல் புத்தகத்தைத் தொட்டதும் நின்றுவிடுகிறது. பருப்பொருள், திண்மம், நீர்மம், ஒளிபுகாப் பொருள், செரிமான மண்டலம் என்று ஒரே பக்கத்தில் நான்கைந்து புதுச் சொல். அந்தப் பக்கத்தை வாசிக்கத் தெம்பில்லாத பிள்ளை என்ன செய்யும்? நான் கரும்பலகையில் எழுதிப் போடும் பதிலைப் பார்த்து எழுதும், மனப்பாடம் செய்யும். "நீர் ஆவியாக மாறும் நிகழ்வு ஆவியாதல்" என்று தேர்வில் சரியாக எழுதி மதிப்பெண்ணும் வாங்கிவிடும். மே மாதம் ஊருணித் தண்ணீர் எங்கே போனது என்று அதே பிள்ளையைக் கேட்டுப் பாருங்கள். "வெயிலு குடிச்சிருச்சு டீச்சர்." இந்தப் பதிலில் தப்பே இல்லை. இதிலிருந்துதான் ஆவியாதலுக்குப் போக வேண்டும். ஆனால் ஊருணி அறிவியல் புத்தகத்தில் இல்லை. இருந்தாலும் சமூக அறிவியலில், நீர்நிலைகள் என்ற பட்டியலில் ஒரு வரியாக இருக்கும்.

ஆங்கிலத்தைப் பற்றி இந்த மடலில் நிறையச் சொல்லப்போவதில்லை. அதற்குத் தனியாகவே ஒரு மடல் வேண்டும்.

இப்போது ஒரு மழை நாளைச் சொல்கிறேன். வடகிழக்குப் பருவமழை தொடங்கி முதல் நல்ல மழை இரவில் பெய்தது. முந்தைய வாரமே ஒரு குளிர்பான பாட்டிலை வெட்டி, மேல்பாதியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் புனலாக்கி, மழைமானி செய்து கொடிக்கம்பத்து மேடையில் வைத்திருந்தோம். பாட்டிலின் அடி மேடு பள்ளமாக இருப்பதால் கூழாங்கல் போட்டு, அது மூழ்கும் வரை தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தைச் சுழியம் என்று குறித்திருந்தோம். இதைச் சொன்னது நானில்லை. கல் போடாவிட்டால் அளவு தப்பாக வரும் என்று ஒரு பிள்ளைதான் கண்டுபிடித்தது. காலையில் பார்த்தால் 25 மில்லிமீட்டர். செய்தித்தாளில் பக்கத்து மழைமானி நிலையத்தின் அளவு அதைவிடக் குறைவாகப் போட்டிருந்தது. நம்முடையது தப்பா, பேப்பர் தப்பா என்று பத்து நிமிடம் சண்டை. இரண்டும் சரியாக இருக்கலாம், அங்கே பெய்த மழை வேறு, இங்கே பெய்த மழை வேறு என்று முடிவுக்கு வந்தார்கள்.

25 மில்லிமீட்டர் மழை என்றால் எத்தனை குடம் தண்ணீர் என்று அடுத்து கேட்டேன். பள்ளியில் 50க்கு 40 சென்டிமீட்டரில் ஒரு பிளாஸ்டிக் தட்டு இருந்தது. அதில் ஒரு லிட்டர் ஊற்றி அளவுகோலை வைத்தால் 5 மில்லிமீட்டர் நின்றது. தரையில் சாக்பீசால் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் கட்டம் போட்டு, அந்தத் தட்டை நகர்த்தி நகர்த்தி வைத்துப் பார்த்தார்கள். ஐந்து தட்டுக்கான இடம். ஐந்து தட்டு, ஐந்து லிட்டர், ஐந்து மில்லிமீட்டர். அப்படியானால் ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் பெய்தால் ஒரு லிட்டர். இதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. தட்டு சொல்லிக்கொடுத்தது.

வகுப்பறைக் கட்டடத்தின் மேல்தளம் 8க்கு 6 மீட்டர், 48 சதுர மீட்டர். ஒவ்வொன்றிலும் 25 லிட்டர். ஐந்தாம் வகுப்பு நோட்டை எடுத்துப் பெருக்கத் தொடங்குவதற்குள் நான்காம் வகுப்பில் கடைசியாக உட்காரும் பையன் "ஆயிரத்து எரநூறு" என்றான். எழுத்துத் தேர்வுகளில் கணக்கில் மிகக் குறைவாக வாங்குகிற பையன். வாரச் சந்தையில் அம்மாவோடு காய்க்கடையில் உட்காருகிறவன். எப்படி என்றேன். "நாலு இருவத்தஞ்சு நூறு டீச்சர். நாப்பத்தெட்டுல எத்தனை நாலு? பன்னெண்டு. அப்ப ஆயிரத்து எரநூறு." அவனுக்குக் கணக்கு தெரியாது என்று நாங்கள் பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் செயலியில் பதிந்து வைத்திருக்கிறோம்.

1,200 லிட்டரும் எங்கே போனது? மழைநீர் சேகரிப்பைத் தமிழ்நாடு 2003இலேயே எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயமாக்கியது. எங்கள் கட்டடத்திலும் குழாய் இருக்கிறது, ஆனால் பாதியில் உடைந்திருக்கிறது. தண்ணீர் தெருவுக்கு ஓடி, ஓடையில் கலந்து, வரத்துக்கால் வழியாக ஊர்ப் பாசன ஏரியான கண்மாய்க்குப் போகிறது. அடுத்த நாள் தலைமையாசிரியரிடம் கேட்டுக்கொண்டு, மூன்றாம் வகுப்பையும் சேர்த்துக் கண்மாய்க்கரைக்குக் கூட்டிப்போனேன். மடை திறந்துவிடும் நீர்ப்பாய்ச்சிப் பெரியவர், தண்ணீரை வெளியே விடும் தூம்பான குமிழியைக் காட்டினார். கலுங்கைக் காட்டி, கண்மாய் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் இதன் வழியாக அடுத்த ஊர்க் கண்மாய்க்குப் போகும், அது நிறைந்தால் அதற்கடுத்த ஊருக்கு என்று கையை நீட்டிச் சொன்னார். ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்குள் இருந்தால் கண்மாய் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு, அதற்கு மேலே போனால் நீர்வளத் துறையின் பொறுப்பு. உடைந்த குழாயைச் சரிசெய்யச் சொல்லி யாருக்கு மனு எழுதுவது, கரையில் கருவேலம் வெட்டச் சொல்லி யாருக்கு எழுதுவது என்று இரண்டு மனு தயாரானது. உள்ளாட்சி அமைப்பு என்ற பாடத்தை அந்த வருடம் நான் தனியாக நடத்தவே இல்லை, ஆனால் ஊராட்சி, ஒன்றியம், அரசுத் துறை மூன்றுக்கும் வேறுபாடு கேட்டால் அந்தப் பிள்ளைகள் இன்றைக்கும் சொல்வார்கள்.

எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளைகளில் ஒருத்தி "எங்கள் பள்ளி மாடியில் 1200 லிட்டர் மழை பெய்தது" என்று எழுதினாள். 'லிட்டர்' என்பதில் ஒற்று விட்டுப்போயிருந்தது. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். எழுதியதைத் தடங்கலில்லாமல் வாசித்தாள். மற்ற பிள்ளைகள் எழுதியதையும் வாங்கி வாங்கி வாசித்தாள். எல்லாம் ஒரே மழையைப் பற்றியவை என்பதால் அடுத்த சொல் என்ன வரும் என்று அவளால் ஊகிக்க முடிந்தது. வாசிப்பு என்பதில் பாதி இந்த ஊகம்தான். தெரியாத பொருளைப் பற்றித் தெரியாத சொல்லில் இருக்கும் பக்கத்தில் அந்த ஊகத்துக்கு இடமே இல்லை.

இதைப் படித்துவிட்டு, இவ்வளவும் செய்யத்தான் இப்போதே இடம் இருக்கிறதே, யார் தடுத்தார்கள் என்று நீங்கள் கேட்கலாம். யாரும் தடுக்கவில்லை. ஆனால் அந்த மூன்று நாளில் அறிவியலில் ஒரு பாடமும் சமூக அறிவியலில் ஒரு பாடமும் பின்தங்கிவிட்டன. பருவத் தேர்வு வினாத்தாள் மழையைக் கேட்காது, அந்தப் பாடங்களைத்தான் கேட்கும். அடுத்த இரண்டு வாரம் பதில் எழுதிப்போட்டு ஈடுகட்டினேன். எந்த ஆசிரியரும் வருடத்துக்கு ஒரு முறை இதைத் துணிந்து செய்வார், எல்லாப் பருவத்திலும் செய்ய மாட்டார். பாடத்திட்டமே இதற்கு நாள் ஒதுக்கியிருந்தால் செய்வார்.

ஊர்ப் பாடம் என்றால் ஊர்ப் பெருமை பேசுவது என்று ஆகிவிடக் கூடாது என்ற கவலை உங்களுக்கு இருக்கும். எனக்கும் உண்டு. கண்மாய்க்கரையில் நீர்ப்பாய்ச்சி பேசிக்கொண்டிருந்தபோது மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி, "எங்க அப்பாயி அந்தப் படித்துறையில எறங்கக் கூடாதாம், அந்தப் பக்கந்தான் எறங்கணுமாம்" என்றாள். பெரியவர் பேச்சை மாற்றினார். பிள்ளைகள் சும்மா இருந்தார்கள். எந்தப் பக்கம் யாருடையது என்று அவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு ஏற்கெனவே தெரியும். தீண்டாமை ஒழிக்கப்பட்டது என்று அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு சொல்வதை நாங்கள் புத்தகத்தில் படிக்கிறோம். படித்துறை புத்தகத்தில் இல்லை.

2022 டிசம்பரில் எங்கள் மாவட்டத்து வேங்கைவயலில், பட்டியலின மக்கள் குடித்த மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. பள்ளி திறந்ததும் பிள்ளைகள் பேசியது அதைத்தான். ஏன் செய்தார்கள் என்று ஒருத்தர். அந்தத் தண்ணீரைக் குடித்தால் என்ன செய்யும் என்று ஒருத்தர். கொதிக்க வைத்தால் சரியாகிவிடுமா என்று இன்னொருத்தர். நம் தொட்டியை யார் கழுவுகிறார்கள் என்று ஒரு பையன். முதல் கேள்வி சமூக அறிவியல், இரண்டாவதும் மூன்றாவதும் அறிவியல், நான்காவது கேள்வியில் இரண்டும் இருக்கிறது. தண்ணீரால் பரவும் நோயை ஒரு புத்தகத்திலும் சமத்துவத்தை இன்னொரு புத்தகத்திலும், அதுவும் வேறு வேறு பருவத்தில் வைத்திருக்கும்போது, இந்த நான்கு கேள்வியையும் ஒரே மூச்சில் கேட்ட பிள்ளைகளுக்கு எதை எடுத்துப் பதில் சொல்வது? சொன்னேன், எனக்குத் தெரிந்த வரை சொன்னேன். எல்லா ஆசிரியரும் சொல்லியிருப்பார்கள் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. சொல்லத் தயங்குகிறவர்களைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. ஊருக்குள் குடியிருந்துகொண்டு இதைப் பேசுவது லேசான காரியம் கிடையாது. "பாடத்தில் இருக்கிறது, அதனால் நடத்துகிறேன்" என்று சொல்ல ஒரு பக்கம் இருந்தால் எங்களுக்கு அது பெரிய துணை. அந்தப் பக்கத்தை நீங்கள்தான் தர முடியும். ஊர்ப் பாடத்துக்கான வழிகாட்டியில் "இந்த நீர்நிலையை யார் யார் பயன்படுத்தினார்கள், யாருக்கு மறுக்கப்பட்டது" என்ற கேள்வி கட்டாயம் இருக்க வேண்டும்.

நான் கேட்பது புதிய யோசனையும் இல்லை. 1937இல் வார்தாவில் காந்தி ஆதாரக் கல்வியை முன்வைத்தபோது, ஜாகிர் உசேன் குழு அதற்கு வகுத்த பாடத்திட்டம் ஒரு கைத்தொழிலைச் சுற்றி மொழியையும் கணக்கையும் சமூகத்தையும் அறிவியலையும் சேர்த்துக் கற்பிப்பதாகத்தான் இருந்தது. தக்ளி என்ற கைக்கதிரில் நூல் நூற்றபடியே கணக்குப் போட்டவர்கள் நம் மாநிலத்திலும் இருந்தார்கள். அதன்பிறகு, 2005 தேசியக் கலைத்திட்டம் மூன்று முதல் ஐந்து வரை சூழ்நிலையியலை ஒரே பாடமாக வைத்தது. அதைப் பின்பற்றும் பள்ளிகளில் பிள்ளைகள் ஆறாம் வகுப்பில் முதன்முறையாக அறிவியல், சமூக அறிவியல் என்ற இரண்டு புத்தகங்களைத் தனியாகப் பார்க்கிறார்கள். அதனால் அவர்கள் எதிலும் பின்தங்கிப்போனதாகத் தெரியவில்லை.

நம் மாநிலமும் துணிச்சலாகச் செய்து பார்த்த வரலாறு உள்ளது. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், ஆந்திரத்தின் ரிஷிவேலிப் பள்ளியைப் பார்த்து வந்தது. சில ஆண்டுகளில் மாநிலம் முழுவதும் பரவியது. பிள்ளைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை, பிள்ளைகள் வரைந்ததைத் தொங்கவிடக் கம்பிப் பந்தல், ஆசிரியரும் பாயில் உட்காருவது எல்லாம் அப்போது வந்தவை. எங்கள் பள்ளிச் சுவரில் அந்தக் கீழ்மட்டக் கரும்பலகை இன்னும் இருக்கிறது, தினமும் உபயோகமாகிறது. ஆனால் பிள்ளைகள் படிப்படியாக ஏறிப் போக வேண்டிய கற்றல் ஏணியும் அதற்கான பாட அட்டைகளும் நாளடைவில் சடங்காகிப்போயின. எந்தப் பிள்ளை எந்த அட்டையில் நிற்கிறது என்று பதிவதே வேலையாகிவிட்டது. அட்டை எல்லா ஊருக்கும் ஒன்றாக இருந்ததும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் எனக்கு மரியாதை உண்டு. கொரோனா காலத்தில் பள்ளிக்கூடத்தையே பார்க்காமல் இரண்டாம் வகுப்புக்கு வந்த பிள்ளைகளை அது தாங்கியது. வகுப்பைப் பார்க்காமல் பிள்ளையின் கற்றல் நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்தது நல்ல காரியம். ஐந்தாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு அரும்பு நிலைப் பாடம் நடத்த எங்களுக்கு அனுமதி கிடைத்தது. பாட்டும் கதையும் பொம்மலாட்டமும் வகுப்புக்குள் வந்தன. அதே நேரம், மொழியும் எண்ணும் தேறினால் மற்றது தானாக வரும் என்ற நினைப்பு எங்களிடமும் மேலதிகாரிகளிடமும் ஊறிவிட்டது. எனக்கு நேர்மாறாகத் தோன்றுகிறது. மழையும் கண்மாயும் இருந்ததால்தான் அந்தப் பெண் வாசித்தாள், அந்தப் பையன் பெருக்கினான்.

ஆறாம் வகுப்பில் போய்த் திணறுவார்களே என்ற வாதம் வரும். நடுநிலைப் பள்ளி ஆசிரியர்களிடம் கேட்டிருக்கிறேன். வருகிற பிள்ளைக்குச் செல்லின் பாகங்கள் தெரியவில்லை என்று யாரும் என்னிடம் சொன்னதில்லை. ஒரு பத்தியை வாசித்துவிட்டு அதில் என்ன இருக்கிறது என்று சொல்லத் தெரியவில்லை என்றுதான் சொல்கிறார்கள்.

பெற்றோர் ஏற்பார்களா என்பது இன்னும் கனமான கேள்வி. காலையில் எங்கள் ஊருக்குள் தனியார் பள்ளி வேன் வந்து நிற்கிறது. அதில் ஏறும் பிள்ளையின் பையில் எங்கள் பிள்ளையின் பையைவிட அதிகப் புத்தகம். புத்தகம் குறைந்தால் படிப்பு குறைந்துவிட்டது என்று பேச்சு வரும், அது சேர்க்கையைப் பாதிக்கும், சேர்க்கை குறைந்தால் பள்ளியே நிற்காது. இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் மழைக் கணக்கை வராந்தாவில் தாளில் எழுதித் தொங்கவிட்டபோது, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு வந்த அம்மாக்கள் அதன் முன்னால்தான் வெகுநேரம் நின்றார்கள். அடுத்த கூட்டத்தில் உடைந்த குழாய்க்கு ஒரு அப்பா ஆள் பிடித்துக் கொடுத்தார். பிள்ளை என்ன கற்கிறது என்பது கண்ணுக்குத் தெரிந்தால் பெற்றோர் புரிந்துகொள்வார்கள். மதிப்பெண் பட்டியலில் அது தெரிவதில்லை.

ஆகவே, நடைமுறையில் எனக்கு வேண்டியவை. சேர்த்து எழுதும் புத்தகம் இரண்டு புத்தகத்தையும் ஒட்டித் தைத்ததாக இருக்க வேண்டாம். இன்றைய பாடங்களில் பாதி போதும். தண்ணீர், சாப்பாடு, வீடு, வேலை, பயணம் என்று பொருளை எடுத்துக்கொண்டு எழுதுங்கள், கலைச்சொல்லைப் பிள்ளைக்கு அது தேவைப்படும் இடத்தில் கொடுங்கள். ஊர்ப் பாடத்துக்கு ஆசிரியர் கையேடு மட்டும் போதும், அதில் மாதிரிக்கு நெய்தல் கரையில் ஒன்று, மலையில் ஒன்று, நகரத்தில் ஒன்று இருக்கட்டும். கடலூர்ப் பிள்ளைக்குக் கண்மாய் வேண்டாம், வடசென்னைப் பிள்ளைக்குக் குடிநீர் லாரி போதும். வகுப்பிலேயே நடக்கும் வளரறி மதிப்பீட்டின் 40 மதிப்பெண்ணில் ஒரு பகுதியை இந்தப் பாடத்துக்கு ஒதுக்கி, பிள்ளையின் நோட்டையே சான்றாக ஏற்றுக்கொள்ளுங்கள். தயவுசெய்து அதைப் படம் எடுத்துச் செயலியில் ஏற்றச் சொல்லாதீர்கள். வட்டாரக் கல்வி அலுவலர் பள்ளிக்கு வரும்போது நோட்டைப் புரட்டிப் பார்க்கட்டும், பிள்ளைகளிடம் பேசட்டும்.

கடைசியாக, இதற்குக் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தினால் வேலை நாளில் மாவட்டத் தலைநகரில் வைக்காதீர்கள். ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் கிளம்பி வந்தால் ஐந்து வகுப்பும் ஒருவர் தலையில். அதனால்தான் இப்படிப்பட்ட கூட்டங்களில் எங்களைப் போன்ற பள்ளிகளின் குரலே கேட்பதில்லை. பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டம் நடக்கும் சனிக்கிழமையில், எங்கள் வட்டாரத்திலேயே வையுங்கள். மழைக் கணக்கு எழுதிய நோட்டுகளை வைத்திருக்கிறேன், கொண்டுவந்து காட்டுகிறேன். மற்ற பள்ளி ஆசிரியர்களும் அவரவர் ஊரில் செய்ததைக் கொண்டுவருவார்கள்.

இப்படிக்கு,
ஓர் ஈராசிரியர் பள்ளியின் ஆசிரியை,
புதுக்கோட்டை மாவட்டம்.